டாக்டர் எடுக்கச் சொன்ன வரி

பாயா ரும்புட் என்ற ஊரில் ஒரு குழந்தைகள் கிளினிக்குக்கு இணையப்பக்கம் செய்தபோது அந்த டாக்டரைச் சந்தித்தேன். அங்குள்ள ஒவ்வொரு மருத்துவரைப் பற்றியும் படிப்பு, பயிற்சி, பேசும் மொழிகள், பிறந்த ஊர் என்று எழுதுவது என் வேலை. அவர் ஒல்லியான பெண்மணி, நரையை மறைக்காதவர். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்காமல் எந்தக் குழந்தையின் நெஞ்சிலும் வைக்க மாட்டார்.

எழுதியதை அவரிடம் காட்டினேன்.

“அலோர் காஜா ரப்பர் எஸ்டேட்ல பொறந்தேன்னு போட்டிருக்கியே, அத எடுத்துடும்மா.”

“பெருமைதானே டாக்டர்?”

“உனக்குப் பெருமைலா! எங்க எஸ்டேட்டு அம்மா ஒருத்தவங்க வந்தாங்க. யாரு பிள்ளைன்னு கேட்டாங்க, சொன்னேன். ‘பால்மரம் வெட்டுனவரு மகளா’ன்னு பேரனத் தூக்கிக்கிட்டு அடுத்த டாக்டர் ரூமுக்குப் போயிட்டாங்க. இப்படியே எனக்கு ஆள் வராட்டி கான்ட்ராக்ட நீட்டிக்க மாட்டாங்க.”

வரியை எடுத்துவிட்டேன். பிறந்த ஊர் போய், இங்கிலாந்தில் பெற்ற பயிற்சி இணையப்பக்கத்தில் நின்றது.

இப்போது அவர் அறை வாசலில்தான் கூட்டம். என் அடுத்த வீட்டு அக்காவும் பிள்ளையை அவரிடமே காட்டுகிறார்.

“எவ்வளவு பொறுமையா பாக்குறாங்க! நம்ம எஸ்டேட்டு ஆளுங்களா இருந்தா இப்படிப் பாப்பாங்களா, சொல்லு?” என்றார்.

அக்காவும் எஸ்டேட்டில் பிறந்தவர்தான். இந்தப் பாராட்டை டாக்டரிடம் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.