கஞ்சியால் புண் ஆறாது

ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரியில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்ததில் இரும்புச் சட்டம் என் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. தையல் போட்டு அனுப்பினார்கள். தையல் பிரிந்து புண் வாயைத் திறந்துகொண்டது. வாரக்கணக்கில் ஆகியும் மூடவில்லை. "இப்படியே இருந்தா தொடையில தோலெடுத்து வைக்க வேண்டி வரும்" என்று ராசிபுரம் டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அந்தப் பயம்தான். நின்று செய்கிற வேலை என்னுடையது.

மனைவி நூல் மில்லுக்குப் போகிறவள் என்பதால் என்னைப் பார்த்துக்கொள்ள பரமத்தி வேலூரிலிருந்து அக்கா வந்தாள். வந்த அன்றே சமையலறையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் ஜவ்வரிசிக் கஞ்சி, மத்தியானம் ரசஞ்சோறு, ராத்திரி மறுபடியும் கஞ்சி. பார்க்க வந்த சொந்தக்காரர்களும் ஜவ்வரிசிப் பொட்டலத்தையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். எவனுக்கும் வேறு யோசனை வராதா? நான் வேலை செய்யும் இடத்தில் அது களம் முழுக்கக் காய்கிறது.

முட்டை, பருப்பு, கடலை, கறி எல்லாவற்றுக்கும் தடை. தின்றால் புண் சீழ் வைக்குமாம். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை இல்லாத ஊர் கிடையாது. என் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து ஆம்லெட் தின்றார்கள். எனக்கு வாசனை மட்டும்.

அடுத்த முறை கட்டுப் பிரித்தபோது டாக்டர் புண்ணைவிட என் தொடையைத்தான் அதிக நேரம் பார்த்தார். அது வற்றிப் போயிருந்தது. சர்க்கரை வியாதி இல்லை என்று முன்பே ரத்தம் பார்த்தாயிற்று.

"என்ன சாப்பிடறீங்க?"

சொன்னேன்.

"தினமும் இதேதானா?"

"ஆமாங்க."

"கஞ்சி, சோறு ரெண்டுமே மாவுச்சத்து. நடக்க, மூச்சு விட, உடம்பு சூடா இருக்க அது எரியும். ஆனா புதுசா சதை வளரணும்னா புரதம் வேணும். நீங்க அதைக் குடுக்கல. அதனால உடம்பு உங்க தொடையைக் கரைச்சு எடுத்துக்குது. முட்டை, பருப்பு, மீன், கறி எல்லாம் தாராளமா சாப்பிடுங்க. கொய்யா, நெல்லிக்காயும் சேர்த்துக்கங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேக்டரியில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, அலசி, அந்தக் கிழங்குப் பாலைத் தொட்டியில் தேக்கி, மேல்தண்ணீரைத் திறந்துவிடுவோம். அடியில் தங்குவது வெறும் மாவு. அதை மூன்று வேளையும் ஊற்றி என்னை மெலிய வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் கத்தினேன். "முட்டையை அவிச்சு வெய்யி."

"அந்த டாக்டருக்கு என்னடா தெரியும்? சீழ் புடிச்சா அவரா வந்து தொடைப்பாரு? பேசாம கஞ்சியக் குடி சாமி."

"பேக்டரியில ஜவ்வரிசி வறுக்கற தட்டுல ஓட்ட உழுந்தா அடுப்புல வெறகைத் தள்ளுனாச் சரியாப் போயிருமா? புதுத் தகடு வெச்சு அடிக்கோணும். உன்ற கஞ்சி வெறும் வெறகு."

"பேக்டரிக் கதையெல்லாம் எங்கிட்டப் பேசாத. கர்ப்பப்பை ஆப்ரேசன் பண்ணப்ப ஒரு கை கடலை தின்னேன். தையல் பிரிஞ்சு நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமாடா? என்ற மாமியா ஊரையே கூட்டி வெச்சுத் திட்டுனா."

அதற்காக நான் விட்டுவிடவில்லை. "நீ வெக்காட்டி நானே எந்திரிச்சு வெச்சுக்கறேன்" என்று பிடித்து நடக்கிற வாக்கரை இழுத்தேன். அவள் முனகிக்கொண்டே முட்டையை அவித்து, தட்டை என் முன்னால் சத்தமாக வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் முட்டை, பருப்பு, வாரத்தில் இரண்டு நாள் மீன். ஒவ்வொரு காலையும் சீழைத் தேடிக் கட்டுத்துணியை முகர்ந்து பார்த்தாள்.

ஒரே வாரத்தில் ஒன்றும் நடந்துவிடவில்லை. மெதுவாகத்தான் புண்ணின் அடியில் சிவப்பாகச் சதை ஏறியது. ஓரத்தில் தோல் நகர்ந்து வந்தது. தோல் எடுத்து வைக்கத் தேவையில்லை என்று டாக்டர் சொன்ன அன்று அக்காவும் கூட வந்திருந்தாள். புண்ணைக் குனிந்து பார்த்தாள். எனக்காகச் சந்தோசப்படுவாள் என்று பார்த்தால், டாக்டரிடம் திரும்பினாள்.

"அப்ப கர்ப்பப்பை ஆப்ரேசன்ல எனக்குத் தையல் ஏனுங்க பிரிஞ்சுது? கடலை தின்னதாலன்னுதானுங்களே சொன்னாங்க?"

"கடலையால பிரியாதும்மா. கிருமி சேர்ந்திருக்கலாம், ரத்தம் கம்மியா இருந்திருக்கலாம். இப்ப சொல்ல முடியாது. அப்ப என்ன சாப்பிட்டீங்க?"

"கஞ்சிதானுங்க."

டாக்டர் என் தொடையை ஒருமுறை பார்த்துவிட்டு, சீட்டு எழுதக் குனிந்தார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது அக்கா, "ஊரையே கூட்டித் திட்டுன அந்தக் கெழவி செத்துப் போயிட்டா. இல்லீனா இன்னைக்கே போயிக் கேப்பேன்" என்றாள்.

"என்னன்னு கேப்ப?"

வீடு வந்து சேரும்வரை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.