பச்சைத் தாள் போட்ட பெட்டி

யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் எதிரே இருப்பவரின் நாற்காலியை நகர்த்தச் சொல்வார். "கன்னத்துல இருட்டு அப்பிக் கிடக்கு. கொஞ்சம் இப்படித் திரும்புங்க." வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தால், "தொழில் புத்தி, தப்பா நினைக்காதீங்க" என்று சிரிப்பார்.

அவர் ஒரு நாடகக் குழுவுக்கு மேடை விளக்குப் போடுகிறவர். நடிகர்கள் வைத்த பெயர் சூரியன். "சூரியன் வந்தாச்சா? இன்னும் விடியலையே!" என்று ஒப்பனை அறையிலிருந்து குரல் வரும். அதே குழுவுக்கு உடை தைக்கும் அவர் மனைவி மட்டும் அந்தப் பெயரை ஏற்பதில்லை. "ஊருக்குத்தான் சூரியன். வீட்டுல ஃபியூஸ் போன பல்பு."

விளக்கின் வாயில் மாட்டும் கலர்த் தாள்களின் துண்டுகள் அவர் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும். நீலத் தாளில் நடுப்பகல் நிலவொளியாகும். பச்சையைக் கீழிருந்து அடித்தால் நல்ல மனிதனும் பேயாவான். "இருபது வருஷமா வெளிச்சத்தால பொய் சொல்றேன். ஆனா பொய்னு தெரிஞ்சேதான் ஜனங்க பார்க்க வர்றாங்க" என்பார்.

தெரியாதவர்களிடம் அதே பொய்யை விற்கிறவரும் இருக்கிறார். சூரியனின் மனைவிக்குத் தைராய்டு, தினமும் மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளை அவள் அக்கா ஓர் 'ஒளி வைத்தியரிடம்' இழுத்துப் போனாள். "செடிகொடி ஏன் பச்சையா இருக்கு? பச்சைதான் வளர்ச்சியோட நிறம். பச்சை வெளிச்சம் பட்டா வாடின உடம்பும் தளிர்க்கும். மாத்திரையை நிறுத்துங்க" என்று சொல்லி, ஒரு பச்சை விளக்கையும் தலையில் கட்டி அனுப்பினார் அந்த மனிதர். நோயாளியின் பயத்தைப் பிழிந்து குடிக்கிறவர்களுக்குச் சுவரில் மாட்டச் சான்றிதழ் வேறு கிடைத்துவிடுகிறது.

அன்று முதல் மாத்திரை நின்றது. ஜன்னலுக்குத் திரை, அறை முழுக்கப் பச்சை. தையல் இயந்திரம் மூலையில் கிடக்க, அவள் சோர்ந்து சோர்ந்து தூங்கினாள். சூரியன் கத்திப் பார்த்தார். "இலை பச்சையா தெரியறதே, அந்த நிறத்தை அது அதிகமா வேணாம்னு தள்ளிவிடறதாலதான்!"

"நீங்க என்ன செடிக்கு மாமனா மச்சானா?" என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சண்டையில் மசிகிறவள் இல்லை. பந்தயம் என்றால் விடமாட்டாள். சூரியன் மூன்று அட்டைப் பெட்டிகளின் மேல்பக்கத்தை வெட்டிச் சிவப்பு, நீலம், பச்சைத் தாள்களை ஒட்டினார். ஒவ்வொன்றிலும் பீன்ஸ் விதை போட்ட ஒரு தொட்டி. மூன்றும் மொட்டைமாடி வெயிலில். தண்ணீர் ஊற்றும் வேலை அவளுக்கு. பச்சை ஜெயித்தால் அவர் வாய் திறக்கக் கூடாது.

பச்சைதான் முந்தியது. சிவப்பு அதற்கு அடுத்து. நீலப் பெட்டிச் செடி குள்ளமாகக் குந்தியிருந்தது.

"என்ன சூரியனே, கிரகணமா?" என்று அவள் கைதட்டினாள். அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்கவும் முடியாமல், மறுக்கவும் முடியாமல் அவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

சில நாள் கழித்து அவளே பச்சைப் பெட்டியின் தொட்டியை வெளியே தூக்கினாள். வெளிறிய தண்டு, தன் தலையின் கனம் தாங்காமல் அவள் விரல் மேல் மடிந்து சாய்ந்தது. நீலப் பெட்டியைத் திறந்தாள். குள்ளச் செடியின் தண்டு பென்சில் போல நின்றது; இலைகள் தடித்துக் கரும்பச்சையாக இருந்தன.

"பச்சையில இருந்தது வளரலைங்க. வெளிச்சம் பத்தாம எட்டி எட்டிப் பார்த்திருக்கு" என்றாள் மெதுவாக.

வேறு ஆளாயிருந்தால் அந்த இடத்தில் வெற்றிக்கொடி நாட்டியிருப்பார். சூரியன் தலையைச் சொறிந்தார். "இதை வெச்சு மாத்திரை சாப்பிடுன்னு நான் சொன்னா நானும் அந்த ஆளு மாதிரிதான். பீன்ஸ் செடி உன் தைராய்டுக்குச் சாட்சி சொல்லாது. அவன் சொன்னது புளுகுன்னு மட்டும்தான் சொல்லுது. உன் உடம்பைப் பத்தி ரத்தப் பரிசோதனையைத்தான் கேக்கணும்."

அவள் தொட்டியைக் கீழே வைத்தாள். "எனக்கு மாத்திரை பயமில்லைங்க. சாகற வரைக்கும்னு டாக்டர் சொன்னாரே, அந்த வார்த்தைதான்."

"உன்னைக் கட்டினதும் சாகற வரைக்கும்தான். நான் என்ன பயந்தா கட்டினேன்?"

"நடுங்கினீங்களே! மோதிரம் கீழ விழுந்துச்சே!"

இருவரும் கீழே வந்தார்கள். அவர் பச்சை விளக்கை அணைத்துத் திரையை விலக்கினார். பகல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. இமைகள் வீங்கியிருந்தன, தோல் வறண்டு மெழுகு பூத்திருந்தது. ஊரார் முகத்துக்கெல்லாம் நாற்காலி நகர்த்தியவர், இத்தனை நாள் இதைப் பார்க்கவேயில்லை. "சாயங்காலம் டாக்டரைப் பார்த்துடலாம்" என்று மட்டும் சொன்னார்.

அவள் மாத்திரையை நாக்கில் வைத்து, தம்ளரைத் தூக்கும்போது கண் கூசிச் சுருங்கியது. அவர் நாற்காலியை நகர்த்தவில்லை. அவள் விழுங்கி முடிக்கும்வரை, தன் உள்ளங்கையை அவள் நெற்றிக்கு மேல் குடைபோலப் பிடித்துக்கொண்டு நின்றார்.