நீடாமங்கலம் கேட் திறக்காததற்காக ஸ்தோத்திரம்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு முதுகைக் காட்டி, மன்னார்குடி சாலையில் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் புதுப் பை. அதில் பாஸ்போர்ட், ஒரு ஸ்வெட்டர், எலுமிச்சை ஊறுகாய். சட்டைப் பையில் போன் விடாமல் அடித்தது. ஏஜென்ட்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய வேன் எனக்காக நின்றுகொண்டிருந்தது. ஏறியிருந்தால் இரண்டு மணி நேரத்தில் திருச்சி விமான நிலையம். நான் ஏறவில்லை. ஆவணி மாத வெயில். பசி. எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஊருக்குத் திரும்ப முகம் இல்லை.

முகம் இல்லாமல் போனதற்குக் காரணம் நானேதான். நான்கு நாள் முன்பு, நம் சபையின் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், உங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருந்தேன். வெளிநாட்டுக் கம்பெனி எனக்கு விசா ஸ்பான்சர் செய்கிறது, கேம் டிசைனர் வேலை, என்னிடம் ஒன்றும் வாங்கவில்லை, எல்லாம் கர்த்தர் செய்தது என்று சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். இரண்டு பேர் அழுதார்கள். அந்தச் சாட்சி தவறு. அதைத் திருத்துவதற்காகத்தான் நம் சபைப் பத்திரிகையில் இதை எழுதுகிறேன்.

என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜெபராஜ். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓரிடத்தில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, கோவாவில் ஓட்டல், பெங்களூரில் செல்போன் பழுதுபார்க்கும் கடை. பெங்களூர்க் கடையில்தான் கேம் செய்யக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. வீடியோ பார்த்து, தப்புத் தப்பாகச் செய்து, மறுபடியும் செய்து கற்றது.

என் கேமுக்குக் 'கடைமடை' என்று பெயர் வைத்தேன். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும். வழியில் நாற்பது வயல். விளையாடுகிறவர் மதகுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, நாற்று காய்வதற்குள் கடைமடைக்கு, அதாவது கடைசி வயலுக்கு, தண்ணீர் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான். நம் ஊர்க்காரர்களுக்கு இது விளையாட்டே இல்லை. ஆனால் பெங்களூரில் என்னோடு தங்கியிருந்த வடக்கத்திக்காரர்கள் சாப்பாட்டை மறந்து விளையாடினார்கள்.

அதன் பிறகு ஒன்றரை வருடம் இணையத்தில் தேடினேன். வெளிநாட்டில் கேம் டிசைனர் வேலை, கம்பெனியே விசா ஸ்பான்சர் செய்ய வேண்டும். தினமும் அதையே தட்டுவேன். பெரும்பாலான விளம்பரங்களில் ஸ்பான்சர் கிடையாது என்று கீழே ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லாத கம்பெனிகளுக்கு மட்டும் கேமை அனுப்பினேன். ஆறு கம்பெனி பதில் போட்டது. ஆறும் வேண்டாம் என்றது. பட்டம் இல்லை, கேம் இன்னும் வெளியாகவில்லை, உங்களுக்காக அரசாங்கத்திடம் விண்ணப்பிப்பது கடினம் என்று மரியாதையாகவே எழுதினார்கள். அதில் ஒரு கம்பெனி மட்டும் ஒரு கேள்வியும் கேட்டிருந்தது: "உங்கள் விளையாட்டில் மதகை மூடினால் என்ன ஆகும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. தண்ணீருக்குத் தவிக்கிற பூமியில் மதகை எவன் மூடுவான்? வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும் என்று அந்தக் கடிதத்துக்குப் பதில்கூடப் போடவில்லை.

அந்த நாட்களில் நான் உடைந்துபோயிருந்தேன். முப்பது வயது. ஊருக்கு வந்து கிடந்தேன். நீங்கள் எனக்காக ஆறு வாரம் ஜெபித்தீர்கள். "ஜெபராஜ் தம்பிக்கு விசா கிடைக்கணும்" என்று ஜெபித்தீர்கள். நானும் அப்படித்தான் ஜெபித்தேன். நம் பக்கத்தில் ஒருவருக்கு விசா வந்துவிட்டது என்றால் எந்த நாடு என்று கேட்போம். என்ன வேலை என்று கேட்க மாட்டோம்.

ஏழாம் வாரம் நம் சபைத் தம்பி தினேஷ் ஒரு ஏஜென்டைப் பற்றிச் சொன்னான். அவர் என்னிடம் போனில் பேசியது ஐந்து நிமிடம் இருக்கும். "டிக்கெட், விசா, சாப்பாடு எல்லாமே கம்பெனி ஸ்பான்சர் தம்பி. முதல்ல பாங்காக், அங்கேர்ந்து கம்பெனி வண்டி. நீங்க பையை மட்டும் தூக்கிட்டு வாங்க" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஸ்பான்சர் என்ற சொல்லைத்தான் ஒன்றரை வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அது தானாக என் காதில் வந்து விழுந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். அதைக் கேட்டுத் தினேஷும் என்னோடு கிளம்பினான்.

வியாழக்கிழமை மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறினேன். நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது. அது எப்போதும் மூடித்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நெல் ஏற்றிய கூட்ஸ் வண்டி சாலைக்குக் குறுக்கே நின்றே விட்டது. குனிந்து நுழைந்து போகவும் வழியில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஜெபித்தேன். ஆண்டவரே, இந்தக் கேட்டைத் திறந்துவிடும். சத்தமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்து இருக்கையில் இருந்த பெண் சிரித்துவிட்டாள்.

"இந்தக் கேட்டுக்கா ஜெபம் பண்றீங்க? இது தொறக்குற நேரம் ரயில்வேக்காரங்களுக்கே தெரியாதுண்ணா."

அவள் பெயர் கவிதா. நர்ஸ். இங்கிலாந்தில் வேலை. லீவில் வந்து கும்பகோணத்தில் உள்ள மாமியார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நானும் பாங்காக் வழியாக வெளிநாடு போகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். ஸ்வெட்டரைக்கூட எடுத்துக் காட்டினேன்.

"பாங்காக்குக்கு ஸ்வெட்டரா? அங்க நம்ம ஊரைவிட புழுக்கமா இருக்கும்ணா. என்ன விசா?"

"டூரிஸ்ட் விசாதான். அங்க போயி மாத்திக்கலாமாம். எல்லாம் கம்பெனி ஸ்பான்சர்."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. "ஸ்பான்சர்னா என்னன்னு நெனச்சிகிட்டீங்க?"

செலவை ஏற்றுக்கொள்வது என்றேன். நம் ஊரில் கபடிப் போட்டிக்குப் பனியன் எடுத்துக் கொடுப்பவர் ஸ்பான்சர். திருவிழாவுக்கு மைக் செட் வைப்பவர் ஸ்பான்சர். இத்தனை காலம் தேடிய அந்தச் சொல்லுக்கு நான் வைத்திருந்த அர்த்தம் அதுதான். கம்பெனிகள் அரசாங்கம், விண்ணப்பம் என்றெல்லாம் எழுதியபோதும் எனக்கு உறைக்கவில்லை.

"டிக்கெட் எடுத்துக் குடுத்தா அது ஸ்பான்சர் இல்லண்ணா. இந்த ஆளு எங்களுக்கு வேணும், இன்ன வேலை, இத்தனை மணி நேரம், இவ்வளவு சம்பளம், நாங்க பொறுப்புன்னு கம்பெனி அந்த நாட்டு கவர்மென்ட்டுக்கு எழுதிக் குடுக்குறதுதான் ஸ்பான்சர். வேலை விசா கையில வாங்கிட்டுத்தான் நான் பிளைட்டே ஏறுனேன். உங்க லெட்டரைக் காட்டுங்க."

காட்டினேன். ஒரே பக்கம். வேலையின் பெயருக்கு நேராக கேம் டிசைனர், ஒரு கோடு போட்டு சாட் ஆபரேட்டர் என்று இருந்தது. தகுதி: வேகமாக டைப் அடிக்க வேண்டும்.

"சரி, இன்டர்வியூல உங்க கேமைப் பத்தி என்ன கேட்டாங்க?"

ஒருவரும் ஒன்றுமே கேட்கவில்லை. என்னை வேண்டாம் என்ற ஆறு பேரும் என் கேமைத் திறந்து விளையாடிப் பார்த்திருந்தார்கள். வா என்றவர் அதன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்த ஆறையும் நான் கர்த்தருடைய மௌனம் என்று நினைத்தேன். இதைப் பதில் என்று நினைத்தேன்.

கவிதா லெட்டரை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "போகாதீங்கன்னு சொல்ல நான் யாரு? கேட் தொறக்குற வரைக்கும் யோசிங்க" என்றாள், அவ்வளவுதான். கேட் திறக்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் வேன் தெரிந்தது. பக்கத்தில் நீலச் சட்டையில், எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்த தினேஷ். போன் போட்டேன்.

"தினேஷு, அந்த வேன்ல ஏறாதடா. இது சரியாப் படல."

"என்னண்ணே, ஞாயித்துக்கெழம மைக்ல ஸ்தோத்திரம் சொன்னது நீதானே? ஊரெல்லாம் சுத்துனவனுக்கு ஏரோப்ளேன்னா பயமா?"

"சாட்சிய நான் தப்பா சொல்லிட்டேன்டா."

"சாட்சியில என்னண்ணே தப்பு, ரைட்டு?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான். கூட்ஸ் வண்டி மட்டும் இல்லாதிருந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்திருப்பேன். மறுபடி போட்டேன், அவன் எடுக்கவில்லை. என்னைக் காத்த அதே வண்டிதான் அவனிடம் போகவிடாமல் தடுத்தது. இதை இன்றுவரை நான் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. எனக்கே விளங்கவில்லை.

அப்படித்தான் தெற்கே நடந்தேன். சாலையோரம் ஒரு வாய்க்கால் மதகில் மூன்று விவசாயிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்கள். மதகைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் திருப்பூருக்குப் போய்விட்டானாம். அவர்களில் தலையில் துண்டு கட்டியிருந்த ராமையன் என்னைப் பார்த்தார்.

"யாருப்பா அது, பையும் கையுமா? ஏர்போர்ட்டுக்கா?"

"அங்க போகாமத்தாங்க வர்றேன்."

"மதகு ஷட்டர் சுத்தத் தெரியுமா?"

"போன்ல சுத்தியிருக்கேங்க."

மூன்று பேரும் சண்டையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். "போன்லயா! அப்ப நாளைக்குக் காலைல வந்து கையால சுத்து. இந்த சீசன் முழுக்க ஆள் வேணும்" என்றார் ராமையன்.

அன்று சாயங்காலம் பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நாம எல்லாருமா சேந்துதான தப்பா ஜெபிச்சோம்" என்றார். அன்று முதல் விசா வேண்டும் என்று நான் ஜெபிப்பதில்லை. என் வேலையை எனக்குக் காட்டும் என்று ஜெபிக்கிறேன்.

தினேஷ் எட்டு மாதம் கழித்து, தூதரகத்தின் உதவியால் திரும்பி வந்தான். அங்கே கேமும் இல்லை, ஒன்றும் இல்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களை ஏமாற்றிச் செய்தி அனுப்ப வைத்திருக்கிறார்கள். கர்த்தர் என்னை அவனைவிட அதிகமாக நேசித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவனும் என்னைப் போலவேதான் ஜெபித்தான். நான் சொன்ன தவறான சாட்சியை நம்பியும் போனான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இதை எழுதச் சொன்னதும் அவன்தான். இப்போது என் கேமுக்குச் சத்தம் சேர்ப்பது அவன் வேலை. தவளை, மழை, மோட்டார் எல்லாம் அவனே போனில் பதிவு செய்தது.

அந்தச் சீசன் முடிவதற்குள் கேமைப் பாதிக்கு மேல் மாற்றிவிட்டேன். பிறகு வெளியிட்டேன். கேள்வி கேட்ட அந்தக் கம்பெனிக்குத் தாமதமாகப் பதில் எழுதினேன். மூன்று முறை என்னிடம் பேசினார்கள். மூன்று முறையும் கேமைப் பற்றியே பேசினார்கள். இப்போது எனக்காக அவர்கள் நாட்டு அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். கடிதத்தில் என் வேலை, நேரம், சம்பளம், இருக்கப்போகும் ஊர் எல்லாம் இருக்கிறது. விசா இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். வந்த பிறகு சாட்சி சொல்லலாமே என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். வந்தாலும் வராவிட்டாலும் இந்தச் சாட்சியில் ஒரு வரி மாறாது.

வெளியூர் வேலைக்காக முழங்காலில் நிற்கிறவர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று. ஜெபியுங்கள், விடாமல் ஜெபியுங்கள். என் ஜெபம் கேட்கப்பட்டது. ஆனால் பதில் வந்ததும் அதைக் கையில் எடுத்துப் படித்துப் பாருங்கள். வேலை என்ன என்று கேளுங்கள். கேட்பது விசுவாசக் குறைவு இல்லை. உங்களுக்கு முன்னால் ஏதாவது மூடியிருந்தால், என்னைப் போல ஆத்திரப்படாமல் கொஞ்சம் உட்காருங்கள்.

கேட்டிலிருந்து திரும்பிய மறுநாள் காலை ஆறு மணிக்கு மதகுக்குப் போனேன். புதுப் பை தோளிலேயே இருந்தது, வீட்டுக்கு இன்னும் போகவில்லை. ராமையன் முன்னாலேயே வந்து நின்றிருந்தார். நான் ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்துத் திறக்கிற பக்கம் சுற்றப் போனேன்.

"அட, அந்தப் பக்கம் இல்லப்பா" என்று கையைப் பிடித்தார். "மேல உள்ளவங்களுக்கு நேத்தே பாஞ்சாச்சு. இத மூடு. மூடுனாத்தான் கடைமடைக்குப் போவும்."

மூடினேன். அதுதான் எனக்குக் கிடைத்த வேலை.