குக்குவைக் கூப்பிட ஓர் ஆள்

என் பெயருக்குப் பொருள் கிடையாது. எண்சாத்திரம் பார்க்கும் ஒருவர் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கழித்து அப்பாவுக்குச் செய்து கொடுத்த பெயர் அது. லண்டனில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளில் பலருக்கு இப்படித்தான் பெயர் வந்தது. ஆகையால், பக்கத்து வீட்டு ஆன்ட்டி அதன் பொருளைக் கேட்கும்வரை நான் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

ஆன்ட்டி கல்கத்தாக்காரி. பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக்கும் அவருடைய வீட்டுக்கும் ஒரே சுவர். கணவர் இறந்து வெகுகாலம். ஒரே மகனுக்கு லீட்ஸில் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அம்மாவின் ஷிப்ட் முடியும்வரை நான் ஆன்ட்டியின் சமையலறையில்தான் இருப்பேன். பெயர்களுக்குப் பொருள் சொல்வதென்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. அவருடைய பெயர் சுகாசினி, அழகாகச் சிரிப்பவள். தேநீர் உள்ளே போகும்வரை அவர் சிரித்து நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். மகன் அனிர்பான், அணையாத சுடர். எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை என்று பெருமையாகச் சொல்வார். ஆனால் அந்த அணையாத சுடர் வீட்டுக்கு வந்தால் ‘பொட்டோல்’ என்றுதான் கூப்பிடுவார். பொட்டோல் என்பது கோவைக்காய் மாதிரி ஒரு காய். அதை அவர்கள் குழம்பு வைப்பார்கள்.

வங்காளிகளுக்கு இரண்டு பெயர் என்பதை அப்போதுதான் அறிந்தேன். பள்ளிக்கூடத்துக்கும் ஊருக்கும் ஒரு நல்ல பெயர். அதற்குப் பொருள் வேண்டும். வீட்டுக்குள் ஒரு கூப்பிடு பெயர். அதற்குப் பொருள் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கூப்பிட ஆள் இருந்தால் போதும். “உன் வீட்டார் உனக்குக் கூப்பிடு பெயரை மட்டும் வைத்துவிட்டார்கள்” என்று ஆன்ட்டி தீர்ப்புச் சொன்னார். எனக்கு அந்தத் தீர்ப்பு மிகவும் பிடித்திருந்தது.

ஆன்ட்டியின் கூப்பிடு பெயர் குக்கு. சின்னப் பெண் என்று பொருள். அறுபது தாண்டியும் சின்னப் பெண்ணா என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. பேரப்பிள்ளை கண்ட பிறகும் ‘பேபி அக்கா’வாகவே இருந்தவர்களை அவருக்கு ஊரில் தெரியும். ஞாயிறுதோறும் கல்கத்தாவிலிருந்து ஆன்ட்டியின் அக்கா போனில் “குக்கு!” என்று கத்துவது சுவரைத் தாண்டி எங்களுக்கும் கேட்கும். அந்த நேரம் ஆன்ட்டியின் குரலே மாறிவிடும். என் வகுப்புப் பிள்ளைகளைப்போல இழுத்து இழுத்துப் பேசுவார்.

அந்த அக்கா ஒரு குளிர்காலத்தில் இறந்துபோனார்.

அம்மா சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டு போனார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்பதால் நானும் கூடப் போனேன். ஆன்ட்டி அழவில்லை. பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு, “இனி என்னைக் குக்கு என்று கூப்பிட யாரும் இல்லை” என்றார், வீட்டில் பால் முடிந்துவிட்டது என்று சொல்வதைப்போல. நான் கூப்பிடுகிறேன் என்று உடனே சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார்.

“நீ சின்னவள். குக்கு மாஷி, அதாவது குக்குப் பெரியம்மா, என்று முறையை ஒட்டித்தான் கூப்பிடலாம். வெறும் குக்கு என்று கூப்பிட என்னைவிட மூத்தவர் வேண்டும். எங்கள் குடும்பத்தில் இனி நான்தான் மூத்தவள்.”

நான் இதைத் தமிழில் சொன்னதும் அம்மா கலங்கிப்போனார். “என்ன பிள்ளை செய்யிறது? அதுக்கு ஒண்டும் செய்யேலாது” என்றார்.

செய்யேலாது என்றால் விட்டுவிடுகிற பிள்ளை நானில்லை. மூத்த ஆள்தானே வேண்டும்? எங்களிடம் ஒருவர் இருந்தார். அப்பாவின் மூத்த அண்ணன், என் பெரியப்பா, சனிக்கிழமைகளில் கிங்ஸ்பரியிலிருந்து ரயில் மாறி வருவார். முறை விஷயத்தில் படு கண்டிப்பானவர். வயதுக்கு மூத்தவரை யாராவது வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். அவரிடம் போய் நான் விஷயத்தைச் சொன்னதும் அம்மா பதறிவிட்டார். “அந்நியப் பொம்பிளையடி! உப்பிடியே கேக்கிறது?”

பெரியப்பா ஏசுவார் என்று நானும் பயந்துகொண்டுதான் நின்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“அவ எந்த வருசம் பிறந்தவ?”

பின்கதவால் ஓடிப்போய்க் கேட்டு வந்து சொன்னேன். “அப்ப நான்தான் மூப்பு” என்று எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டினார். தலையை வாரிக்கொண்டார். பின்வளவு வேலியோரம் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

“குக்கு!” அந்த வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டிருக்கும். “குக்கு! சாப்பிட்டியோ?”

ஆன்ட்டி கரண்டியும் கையுமாக வெளியே வந்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பெரியப்பாவுக்கு வங்காள மொழி தெரியாது, ஆங்கிலமும் மட்டுமட்டுதான். ஆனாலும் ஆன்ட்டி ஞாயிற்றுக்கிழமைக் குரலில், வங்காள மொழியில், இழுத்து இழுத்து ஏதோ சொல்லிக்கொண்டே போனார். பெரியப்பா முழுவதையும் கேட்டுத் தலையாட்டினார்.

“ஓம், ஓம். குளிருக்க நிக்காத. உள்ள போ.”

ஆன்ட்டி சிரித்தார். பிறகு அப்படியே நின்று அழத் தொடங்கினார். ஏதோ பிழையாகிவிட்டது என்று பயந்து நான் அம்மாவைப் பார்த்தேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பெரியவர்களை எதைக் கொண்டும் திருப்திப்படுத்த முடியாது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் பெரியப்பா சப்பாத்தைக் கழற்றுமுன்னே வேலியடிக்குப் போய் வந்துவிடுவார். ஆன்ட்டி கடுகு அரைத்த மீன் குழம்பு கொடுத்தனுப்புவார். உறைப்புக் காணாது என்று குறை சொல்லிக்கொண்டே பெரியப்பா அதை வழித்துச் சாப்பிடுவார். கவுன்சில் ஆட்கள் வந்து ஒழுகும் குழாயைத் திருத்திவிட்டுப் போவதைப்போல, ஒரு வேலையைச் சரியாக முடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

ஒருநாள் அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். “பெரியப்பா, உங்களுக்கும் வீட்டில கூப்பிட ஒரு பேர் இருந்ததோ?”

“இருந்தது.”

கோப்பையை அம்மாவிடம் நீட்டி, சீனி காணாது என்றார். என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. டிவியில் எனக்குப் பிடித்த நிகழ்ச்சி தொடங்கியிருந்தது.

அப்பாவுக்கு அவர் அண்ணை. எங்களுக்குப் பெரியப்பா. கிங்ஸ்பரியில் மற்ற எல்லோருக்கும் ஐயா. அவர் இறந்த பிறகு அந்தப் பெயரை அப்பாவிடம் கேட்டேன். அப்பா வீட்டின் கடைக்குட்டி. அவர் காதில் விழுந்ததெல்லாம் ‘அண்ணை’ மட்டும்தான். அவருக்கும் தெரியவில்லை. ஆன்ட்டிக்கு மூத்தவர் ஒருவரைத் தேடிப் பிடித்த எனக்கு, அந்த மூத்தவருக்கு மூத்தவர் யார் என்று யோசிக்க அப்போது தெரியவில்லை.