கோட்டை ஓட்டலில் ஒரு தினே

என் அண்ணன் ஒனொரேவுக்கு இரண்டு நாக்கு. ஒன்று மேலே கோட்டை மதிலுக்குள் பேசுவது, இன்னொன்று கீழே ஊருக்குள் பேசுவது. ஆற்றங்கரைத் தெருவில் இருக்கும்வரை ரொட்டியை எங்கள் எல்லோரையும் போல 'பேங்' என்று மணியடித்த மாதிரி சொல்வான். கோட்டை வாசலைத் தாண்டிக் கழுத்தில் கருப்புப் பட்டியைக் கட்டிவிட்டால் போதும், அதே ரொட்டி அவன் மூக்குக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பாரிஸ்காரராம்.

பாரிஸுக்கு வெகு தெற்கே இருக்கும் எங்கள் ரோக்வியேலில், மதிலுக்குள் இருக்கும் பெரிய ஓட்டலில் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் அவன்தான் தலைவன். ஒரு காலத்தில் பிஷப் குடியிருந்த மாளிகை அது. தங்க வருகிறவர்கள் அதன் சுவர்க் கல்லைத் தடவித் தடவிக் கண்கலங்குவார்கள். சின்ன வயதில் நாங்கள் மூக்கைச் சிந்தித் துடைத்ததும் அதே கல்லில்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எந்த ஊர் என்று யாரோ கேட்க, பாரிஸை ஒட்டின வெர்சாய் பக்கம் என்று அளந்துவிட்டான். அன்றிலிருந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதே பிழைப்பாகிவிட்டது. அதனால்தான் அண்ணி ரொஸ்லின் அந்த ஓட்டல் வாசலை மிதித்ததே இல்லை. அவள் வாயைத் திறந்தால் திராட்சைத் தோட்டமும் மீன் சந்தையும் கூடவே வெளியே வரும். அவளுக்கோ ஒரே ஒரு ஆசை. அந்தக் கூடத்தில் ஒருமுறை, அவனுடைய பெண்டாட்டியாக, உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அண்ணனின் வேலைக்கு வெள்ளி விழா வந்தது. புதிதாக வந்த மேனேஜர், உங்கள் மனைவிக்கு எங்கள் செலவில் விருந்து என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். தப்பிக்க வழியில்லை. வீட்டுக்கு வந்து, வியாழக்கிழமை தினேக்கு வந்துவிடு, அதிகம் பேசாதே என்றான்.

வினை அங்கேதான். எங்களுக்குத் தினே என்றால் மத்தியானச் சாப்பாடு. பாரிஸ்காரர்களுக்கு அது ராத்திரிச் சாப்பாடு. எந்த நாக்கால் சொல்கிறோம் என்பதை அவனே மறந்துவிட்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணி நீலப் பட்டு கவுனில், முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு மேலே ஏறினாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் ரொம்ப இனிமையாக, தினே ராத்திரிதான், இப்போது உங்கள் பெயரில் இடம் இல்லை என்றாள்.

"எங்கம்மா காலத்துலேர்ந்து தினேன்னா மத்தியானம்தாம்மா. அதோ, அந்த ஆளையே கேளேன்" என்றாள் அண்ணி, கூடம் முழுக்கக் கேட்கும்படி.

அந்த ஆள் வந்தான். பக்கத்தில் மேனேஜர், சுற்றிலும் விருந்தாளிகள். தான் யாரென்று இப்போது இவர்களுக்குச் சொல்வான் என்று அண்ணி சிரித்துக்கொண்டே நின்றாள். அண்ணன் இடுப்பை வளைத்தான்.

"மன்னிக்க வேண்டும், மதாம். உங்களுக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். தினே இரவில்தான்."

மதாமாம். காலமெல்லாம் இவனுடைய நாறும் காலுறைகளைத் துவைத்தவள் மதாமாம். எனக்கு அங்கேயே அவன் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது. அண்ணி திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து, கவுனைக்கூட மாற்றாமல் முட்டை பொரித்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மத்தியான வேலை முடிந்ததும் அண்ணன் வழக்கம்போல இறங்கி வந்தான். பட்டியைக் கழற்றிவிட்டு, கீழ் நாக்கை எடுத்து மாட்டிக்கொண்டு, மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது நான் என்ன செய்வது, ராத்திரி வந்துவிடு, இப்போது பசிக்கிறது என்றான். அண்ணி எழுந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை நீ, வா, போ என்றே பேசியவள், இப்போது முன்பின் தெரியாத ஐயாவிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"உங்களுக்கு யாரோ தப்பா சொல்லியிருக்காங்க, முசியே. இங்க உங்களுக்குச் சாப்பாடு இல்லீங்க."

ராத்திரி அவள் போகவில்லை. காலி மேசையைப் பார்த்து மேனேஜர் காரணம் கேட்டிருக்கிறார். பிறகு நடந்ததை ஓட்டல் சமையல்காரர் என்னிடம் சொன்னார். பசியோ ரோஷமோ, அண்ணன் எங்கள் பேச்சிலேயே உண்மையைப் போட்டு உடைத்துவிட்டானாம்.

"எங்க ஊர்ல தினேன்னா மத்தியானங்க. அப்ப வந்தது என் பெண்டாட்டி. நான்தான் தெரியாத மாதிரி நின்னேன்."

மேனேஜருக்குக் கோபமே வரவில்லை. இவ்வளவு அழகான பேச்சை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள், விருந்தாளிகள் இதற்காகத்தானே இவ்வளவு தூரம் வருகிறார்கள், நாளையிலிருந்து இப்படியே பேசுங்கள் என்றாராம்.

இப்போது அண்ணன் மேலே ஓட்டலிலும் எங்கள் பேச்சைத்தான் பேசுகிறான், அதுவும் சம்பளத்தோடு. விருந்தாளிகள் ரசித்துப் படம் பிடிக்கிறார்கள். வீட்டில்தான் வேறு கதை. மன்னிப்புக் கேட்டுப் பார்த்துவிட்டான், பூ வாங்கிக்கொடுத்தும் பார்த்துவிட்டான். அண்ணி சண்டை போடுவதில்லை. வேளாவேளைக்குச் சமைக்கிறாள், தட்டு வைக்கிறாள், பக்கத்தில் நின்று கேட்கிறாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா, முசியே?"