உத்திரத்தன்று மலைப்படியில் வந்த சாமி

என் மனைவி பாவாயி தண்ணீர் குடித்துக் குடித்தே செத்துப்போய்விடுவாள் என்று நான் நம்பியிருந்த ஒரு காலம் உண்டு. இந்த யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முந்தி அது. குடம் குடமாகக் குடிப்பாள்; தாகம் அடங்காது. சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ஆனால் உடம்பு மட்டும் கோடைக் கிணறு மாதிரி வற்றிக்கொண்டே வந்தது. மணிக்கட்டில் இருந்த வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. தாலிக்கொடி வெறும் எலும்பின்மேல் கிடந்தது.

அன்பர்களே, இதைக் கிருத்திகைக் கூட்டத்தில் சொல்லும்படி நீங்கள் எத்தனையோ முறை கேட்டாயிற்று. நான் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். காரணம் உங்களுக்குத் தெரியும். நான் பத்திரிகைகளுக்கு நையாண்டி எழுதுகிறவன். காவடி எடுப்பவனையும் மொட்டை போடுபவனையும் கிண்டல் செய்தே காகிதத்தைக் கறுப்பாக்கியவன். என் வாயால் சாட்சி சொன்னால் முருகனுக்கே சிரிப்பு வந்துவிடுமே என்று பயம். பிறகு, சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், நடந்தது நடந்ததுதானே என்று துணிந்து எழுதுகிறேன்.

ராசிபுரத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். ஊரில் ஒவ்வொருவரும் ஒரு மருந்து சொன்னார்கள். ஆவாரம்பூ, நாவல்கொட்டை, பாகற்காய்ச் சாறு எல்லாம் ஆயிற்று. கடைசியில் சேலத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அவளுடைய நீரை ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. டாக்டர் குழாயைக் கீழே வைத்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"சர்க்கரை வியாதிங்க. அதுவும் முத்திப்போச்சு. முந்தியெல்லாம் பட்டினி போட்டு நாளைத் தள்றதைத் தவிர வழியே கிடையாது. இப்ப இன்சுலின்னு ஒரு மருந்து வந்திருக்குது. மெட்ராஸுக்கு எழுதறேன். அது வர்ற வரைக்கும் இவங்க தாங்கணும். அதுதான் என் கவலை."

தாங்குவாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று பயந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பூஜை அறைக்குள் போய் நின்றேன். கடவுளோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் வெகுகாலம் ஆகியிருந்தது. நீ என்பதா, நீங்கள் என்பதா என்றுகூடத் தெரியவில்லை. "மருந்து வர்ற வரைக்கும் இவளை வெச்சிருப்பா சாமி" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அதற்குமேல் சொற்கள் இல்லை. வார்த்தைகளை விற்றுப் பிழைக்கிறவனுக்கு அன்றைக்குக் கடை காலி.

மருந்து வந்தது. வரும்போது பாவாயி பாயை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். மூச்சில் அழுகிய பழத்தின் வாசனை. டாக்டர் ஆஸ்பத்திரியில் வைத்து முதல் ஊசிகளைப் போட்டார். இரண்டாம் நாள் கண் திறந்து, "சோறு இருக்குதுங்களா?" என்றாள். நான் வெளியே போய் வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த வழியாகப் போன ஒருவர் என்னை மனநோயாளிகள் வார்டுக்கு வழி சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் நான் கெட்டேன். டாக்டரிடம் புத்தகங்கள் வாங்கிப் படித்தேன். கடல் கடந்த தேசத்தில் சிலர் நாய்களை வைத்துச் சோதித்து, வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கணையம் என்ற உறுப்பிலிருந்து இந்தச் சத்தைப் பிரித்த கதையை ஊரில் பார்த்தவனிடமெல்லாம் சொன்னேன். வாழைத்தண்டில் குத்திக் குத்தி ஊசி போடப் பழகினேன். எங்கள் தோட்டத்தில் அந்த வருஷம் குத்துப்படாத வாழை ஒன்றுகூட இல்லை.

பாவாயியின் தம்பி செங்கோடன் எங்கள் வீட்டோடு இருந்து பண்ணையம் பார்க்கிறவன். அக்கா என்றால் உயிர். ஒருநாள் மருந்துக் குப்பியை சூடு படாமல் இருக்க ஈர மணல் பானைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். "மாமா, இதை எதுல இருந்து எடுக்கறாங்க?" என்று கேட்டான்.

"மாட்டோட கணையத்துல இருந்து" என்று படிப்புத் திமிரில் உளறிவிட்டேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. உள்ளேயிருந்து பாவாயியின் குரல் வந்தது: "அடப் போடா. ஏர் உழுவுது, பால் குடுக்குது, எரு குடுக்குது. இதை ஒண்ணும் அது குடுத்துட்டுப் போவுது. அந்த மாட்டுக்கும் ஒரு கும்புடு."

டாக்டர் எனக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லியிருந்தார். "ஊசி போட்டாச்சுன்னா அவங்க சாப்பிட்டே ஆகணும். சாப்பிடாம விட்டா மருந்து ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை மொத்தமா இறக்கிரும். வேர்த்து ஊத்தும், நடுக்கம் வரும், பேச்சு குழறும். உடனே சர்க்கரை குடுங்க. சட்டைப் பையில எப்பவும் கொஞ்சம் கற்கண்டு வெச்சுக்குங்க."

சர்க்கரை வியாதிக்குச் சர்க்கரையே மருந்து என்பது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. அதைப் பற்றி ஒரு நையாண்டிக் கட்டுரைகூட எழுதினேன். கற்கண்டைச் சில வாரம் பையில் வைத்திருந்தேன். ஒரு தேவையும் வரவில்லை. எழுதும்போது ஒவ்வொன்றாக வாயில் போட்டு நானே தீர்த்துவிட்டேன். அதற்குப் பதிலாக, இனிப்பு என்பது பாவாயிக்கு விஷம் என்று வீட்டில் எல்லோருக்கும் பாடம் நடத்தினேன். செங்கோடன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். வெல்லப் பானையைத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக் காவல் காத்தான்.

பங்குனி உத்திரம் வந்தது. உடம்பு தேறிய பாவாயி எங்கள் பக்கத்துக் குன்று முருகனைப் பார்க்க மலையேற வேண்டும் என்றாள். நல்லதுதானே என்றேன். அவள் இன்னொன்றும் நேர்ந்திருந்தாள். அது எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் நேர்ந்துகொண்டதை நிறைவேற்றும்வரை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் பலிக்காது என்று வழக்கம்.

காலையில் வழக்கம்போல ஊசியைக் கொதிக்க வைத்து மருந்து போட்டேன். "சாப்புட்டியா?" என்றேன்.

"ஆச்சுங்க. நீங்க வண்டியைப் பூட்டச் சொல்லுங்க" என்றாள்.

வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தபோது பாதி மலையில் இருந்தோம். பாவாயி நின்றுவிட்டாள். எல்லோருக்கும்தான் வேர்த்தது. ஆனால் அவள் புடவை கிணற்றில் முக்கி எடுத்ததுபோல உடம்போடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது.

"என்ன, கால் வலிக்குதா?" என்றேன்.

என்னை யாரோபோலப் பார்த்தாள். "நீ யாரு?" என்றாள்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பின்னால் வந்த காவடிக் கூட்டம் நின்றது. மேளக்காரர் அவள் நடுக்கத்தைப் பார்த்ததும் அடியை மாற்றி வேகமாக அடித்தார். பெண்கள் குலவை போட்டார்கள்.

"சாமி வந்திருச்சு! வழி உடுங்க, வழி உடுங்க!"

எனக்கு மெய்சிலிர்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், டாக்டரின் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. நான் பூஜை அறையில் கேட்டதற்கு முருகன் நேரில் வந்து பதில் சொல்கிறான் என்றே நினைத்தேன். வாழ்நாளில் முதல்முறையாகப் பொது இடத்தில் தலைக்குமேல் கைகூப்பினேன்.

காவடிக்காரர் ஒருவர் குனிந்து கேட்டார்: "யாரு சாமி வந்திருக்கறது? என்ன வேணும், சொல்லு!"

"பசிக்குது" என்றாள் பாவாயி.

 கூட்டத்தில் ஒரே இரைச்சல்.

"பசிக்குதுங்குது! கேட்டீங்களா? ரெண்டு வருசமாப் படையல் கொறஞ்சுபோச்சுன்னு நான் அப்பவே சொன்னேன்!"

"அடுத்த உத்திரத்துக்கு ஊரு கூடிச் சக்கரைப் பொங்கல் வெக்கறோம் சாமி, கோவிச்சுக்காதே!"

"பொங்கலோட உட்ராதீங்க. அன்னதானமே போடறோம்னு சொல்லுங்க."

"உங்க ஊட்டு நெல்லா போவுது? தாராளமாச் சொல்றீங்களே!"

"பசி... க்குது" என்று அவள் மறுபடி சொன்னாள். நாக்கு குழறியது. அடுத்த வருஷச் சோற்றுக்கு அங்கே பேரம் நடந்துகொண்டிருந்தது. அந்த நிமிஷத்தில் ஒரு வாய் கொடுக்க எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மூன்றாவது தடவை உதடு மட்டும் அசைந்தது. அப்படியே சாய்ந்தாள். செங்கோடன் தாங்கிப் பிடித்துப் படியோரம் கிடத்தினான்.

"சாமி மலையேறிடுச்சு. தண்ணி தெளிங்க, சித்த நேரத்துல எந்திரிச்சிருவாங்க" என்றார் காவடிக்காரர்.

தண்ணீர் தெளித்தோம். எழுந்திருக்கவில்லை. விபூதி பூசினோம். எழுந்திருக்கவில்லை. கை ஜில்லென்று இருந்தது. அந்த வெயிலில் ஜில்லென்று இருந்தது. பல் கிட்டிக்கொண்டது. மூச்சு குறட்டைபோல இழுத்தது. கால் இரண்டு தடவை வெட்டி இழுத்தது. மேளம் நின்றுவிட்டது.

"மாமா, எந்திரிச்சிருமில்ல? சாமி வந்தவங்க எப்பவும் எந்திரிச்சிருவாங்கல்ல?" என்றான் செங்கோடன். அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது.

டாக்டர் சேலத்தில். நாங்கள் மலைமேல். அடிவாரத்தில் ஒரு மாட்டு வண்டி. என் கால் துவண்டது. படியில் உட்கார்ந்தேன். "முருகா, எனக்கு ஒண்ணுமே தெரியலை. தெரிஞ்சவனாட்ட நடிச்சேன். இப்ப நீதான் சொல்லோணும்" என்றேன். இதுதான் என் இரண்டாவது பிரார்த்தனை. முதலாவதைவிடச் சுருக்கம். ஆனால் இதில் நடிப்பு இல்லை.

மண்டபத்து நிழலில் ஒரு பெண் பானகம் ஊற்றிக்கொண்டிருந்தாள். யார், எந்த ஊர் என்று இன்றுவரை தெரியாது. அவள் பாவாயியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அய்யோ, இவரும் உழுந்துருவாராட்ட இருக்குதே. வாயைத் தொறங்க சாமி" என்று என் தாடையைப் பிடித்து ஒரு கொட்டாங்கச்சிப் பானகத்தை ஊற்றினாள்.

வெல்லம். சுக்கு. ஏலக்காய். அந்த இனிப்பு நாக்கில் பட்டதும் என் சட்டைப் பை நினைவுக்கு வந்தது. நான் தின்று தீர்த்த கற்கண்டு. டாக்டரின் குரல். வேர்த்து ஊத்தும், நடுக்கம் வரும், பேச்சு குழறும்.

பானைப் பக்கத்தில் கிடந்த வெல்லக் கட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். பானகத்தில் நனைத்து விரலால் அவள் கன்னத்துக்குள் தேய்க்கப் போனேன். செங்கோடன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

"மாமா! சர்க்கரைக்காரிக்கு வெல்லத்தைக் குடுத்துக் கொல்லப் போறீங்களா? நீங்கதானே வெசம்னு சொன்னீங்க! அதுவுமில்லாம அக்கா விரதம். சன்னதியைப் பாக்கற வரைக்கும் பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படக்கூடாதுன்னு நேந்திருக்குது. மருந்து கெடைச்சதுக்கு!"

"அப்ப காலையில சாப்புடலையா?"

"சோத்தை மாட்டுக்கு வெக்கறப்ப நான் பாத்துட்டேன். அதனாலதான் எங்கிட்டச் சொல்லுச்சு. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னுது."

எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் தயங்கினேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால்? சர்க்கரை ஏறித்தான் விழுந்திருக்கிறாள் என்றால்? அப்போது இந்த வெல்லம்தான் அவளுக்குக் கொள்ளி. மேலே பார்த்தேன். குறி ஒன்றும் வரவில்லை. மணி அடிக்கவில்லை. பல்லிகூடக் கத்தவில்லை. நாக்கில் அந்த இனிப்பு மட்டும் இருந்தது. பானகம் அவளுக்கு வராமல் எனக்கு ஏன் வந்தது என்று ஒரு கணம் நினைத்தேன். அதுவே பதில், போதும் என்று தோன்றியது.

"மாப்ளே, கையை உடு. தப்புன்னா என்னையும் இங்கியே பொதைச்சுரு" என்றேன்.

விட்டான். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே வெல்லப் பாகைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. யாரோ ஒரு பெண் ஒப்பாரிக்குக் குரலைச் சரிசெய்வது கேட்டது. இன்னும் தேய்த்தேன். என் விரல் பல்லில் பட்டுக் கிழிந்து, வெல்லமும் ரத்தமும் ஒன்றாயின.

தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

பிறகு இன்னொரு தடவை. குறட்டை நின்று சாதாரண மூச்சு வந்தது. கிட்டிய பல் விட்டது. பானகத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். இமை அசைந்தது.  பாவாயி கண் திறந்து என்னைப் பார்த்தாள். பார்த்தது என்னைத்தான். நாக்கால் உதட்டைத் தடவினாள். முகம் மாறியது.

"ஏனுங்க, வெல்லமா இது? என்ற விரதத்தைக் கெடுத்துப்போட்டீங்களே!"

'நீங்க' வந்துவிட்டது. அந்த மரியாதைக்காக நான் அவள் காலில் விழுந்திருப்பேன். ஊர் பார்க்கிறதே என்று செங்கோடன் காலில் விழப் போனேன். அவன் ஏற்கனவே பானகப் பெண் காலில் கிடந்தான்.

அன்று மண்டபத்தில் கட்டுச்சோறு அவிழ்த்து, அவள் சாப்பிடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு மெல்லத் தூக்கிக்கொண்டு போய் சன்னதியைக் காட்டினோம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தவளை முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இப்போது ஒவ்வொரு உத்திரத்துக்கும் பாதி மலையில் எங்கள் பானகப் பந்தல் இருக்கிறது. செங்கோடன் ஊற்றுகிறான், மயங்காதவனுக்கும் தாடையைப் பிடித்து ஊற்றுகிறான். என் பையில் கற்கண்டு உண்டு. ஊசி போட்டதும் அவள் முன்னால் இலையைப் போட்டு, முதல் கவளம் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். பாவாயியும் நேர்த்திக்கடனை மாற்றிக்கொண்டாள். உத்திரத்தன்று வயிறாரச் சாப்பிட்டு மலையேறுவதே இப்போது அவள் முருகனுக்குச் செய்யும் விரதம். காவடியைக் கிண்டல் செய்து நான் எழுதுவதில்லை. என்னைக் கிண்டல் செய்யவே விஷயம் நிறைய இருக்கிறது.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது பாயில் கிடக்கலாம். கேளுங்கள். கூச்சப்படாமல் முருகனிடம் கேளுங்கள். மருந்தை அனுப்பினால் அவன் கொடுத்தது என்று வாங்குங்கள். அதைக் கொடுக்கிற டாக்டர் சொல்வதையும் அவன் சொன்னதாகவே கேளுங்கள். பதில் மேளதாளத்தோடு வரும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

அன்றைக்கு மலைப்படியில் என் மனைவிமேல் வந்தது சாமி இல்லை, மருந்தின் வேகம் என்று டாக்டர் பிறகு எனக்கு விளக்கினார். தலையாட்டினேன். அவர் படித்தவர். ஆனால் எனக்கு இன்று ஒரு சந்தேகமும் இல்லை. அவள் உயிரைக் காக்க என்ன வேண்டுமோ அதைத்தான் அந்தக் குரல் சொன்னது. ஊரறிய மூன்று தடவை சொன்னது. "பசிக்குது" என்றது. எங்களுக்குத்தான் புரியவில்லை.