சைகோன் தொட்டிக்கு ஒரு பெஞ்சு

தையல்நாயகிக்குக் கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் ஆகியிருந்தது. அதில் அவளும் புருஷன் நீலமேகமும் ஒரே வீட்டில் இருந்ததைக் கூட்டிப் பார்த்தால் ஏழு வருஷம் தேறாது. விழிதியூரிலிருந்து அவளைக் காரைக்காலுக்குக் கட்டிக்கொடுத்த மறு மாதமே அவர் சைகோனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அங்கே சுங்க ஆபீசில் குமாஸ்தா வேலை. எப்போதாவது லீவில் வருவார். யுத்தக் காலத்தில் அதுவும் நின்றது. பிள்ளை எதுவும் தங்கவில்லை. மாமியாரும் போய்ச் சேர்ந்தபின், அந்த நீளமான வீட்டில் அவள் தனியாக இருந்து பழகிவிட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். பெட்டிகளோடு ஒரு குளியல் தொட்டியும் வந்தது. வார்ப்பிரும்பு, மேலே வெள்ளை எனாமல், அடியில் குட்டையாக நாலு கால். ஆறு பேர் தூக்கி வந்து கொல்லைப்புற அறையில் சுவரை ஒட்டி வைத்தார்கள். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. தினமும் காலையில் அரை மணி நேரம் அவர் அதில் கிடப்பார். எழுந்து வந்ததும் முகம் தெளிந்திருக்கும். அவளிடம் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுவார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு குடித்தனம் தொடங்கிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

நாலு வருஷம் கழித்து, ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி இரண்டு மாதம் ஆகியிருந்த மார்கழியில் அவருக்கு வாதம் அடித்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின.

சனிக்கிழமைதோறும் பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து அவரைத் தூக்கித் தொட்டிக்குள் இறக்கிவிடுவார்கள். “ஐயா ரொம்ப இளைச்சிட்டாங்கம்மா, மூட்டை கனமே இல்ல” என்றார் ஒருவர், ஒரு நாள். அன்போடு சொன்னதுதான். நீலமேகம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை அவர்கள் வந்தபோது இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்தவர் விடவே இல்லை. அவர்களை அவள் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

பிறகு ஈரத்துணியால் துடைத்துவிடுவதோடு சரி. அப்போதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். துடைத்தபடியே அவள் ஏதாவது சொல்வாள்: பூவத்துப் பக்கம் மழையாம், பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்தார்களாம். பதில் வராது. சைகோனில் இருந்தபோதாவது மாதம் ஒரு கடிதம் வந்தது.

ஒரு நாள் அவளாகவே முக்காலி ஒன்றைத் தொட்டிக்குள் போட்டு ஏறி உட்கார்ந்து பார்த்தாள். எனாமலில் முக்காலி சறுக்கியது. விளிம்பைப் பிடித்துத் தப்பித்தாள். மணிக்கட்டு பிசகி ஒரு வாரம் வலித்தது. கட்டு போட்ட கையோடு குஞ்சிதபாத ஆசாரியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

“ஆஸ்பத்திரியில இருக்குற மாதிரி நாற்காலி ஒண்ணு பண்ணிடுறேங்கம்மா” என்றார் அவர். “அதுல உக்கார வச்சுத் தண்ணிய ஊத்திடலாம்.”

“நான் ஊத்துறதுக்கு இல்ல ஆசாரியாரே. அவங்களே தொட்டிக்குள்ள போவணும். யாரும் தூக்கப்படாது.”

ஆசாரி தொட்டியைச் சுற்றி வந்தார். விளிம்பின் உயரத்தை முழத்தால் அளந்தார். “கால எடுத்து வைக்க முடியாது. அப்பன்னா உக்காந்தவாக்குல நகரணும். நீளமா ஒரு பெஞ்சு, ரெண்டு காலு வெளிய, ரெண்டு காலு உள்ள, முதுகுக்கு ஒரு சாய்மானம். வெளிய உக்காந்து, அப்படியே நகந்து போயிடலாமுங்க.”

பலா, தேக்கு இரண்டிலும் துண்டு கொண்டுவந்து காட்டினார். அவள் இரண்டின் மேலும் தண்ணீர் விட்டு, உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்துத் தேக்கைச் சொன்னாள். தண்ணீர் வடிய ஒரு விரல் இடைவெளி விட்டுச் சட்டங்களாக அடிக்கச் சொன்னாள். முக்காலி சறுக்கியது நினைவுக்கு வர, கால்களின் அடியில் பழைய சைக்கிள் டயரை வெட்டி அடிக்கச் சொன்னாள். உள்கால் இரண்டையும் ஆசாரி மூன்று தரம் இழைத்தார். தொட்டியின் அடி சரிவாக இருந்ததால் ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது; மூன்றாம் தரம்தான் அமர்ந்தது.

பெஞ்சு வந்த அன்று மத்தியானம், நீலமேகம் தூங்கும்போது, அவள் கொல்லை அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வலது கையை முந்தானையால் உடம்போடு சேர்த்துக் கட்டினாள். வலது காலை மரக்கட்டையாக நினைத்துக்கொண்டு, சாய்மானத்தில் முதுகு பட, சன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். தொட்டி அவளுக்கு வலப்புறம் இருந்தது. நகர வேண்டிய பக்கத்தில் உயிரில்லாத கை. பிடித்து இழுக்க எதுவுமில்லை. பாதி தூரத்தில் தொட்டி விளிம்புக்கு நேரே சிக்கிக்கொண்டாள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் முடியவில்லை. முந்தானைக் கட்டை அவிழ்த்திருக்கலாம். அவிழ்க்கவில்லை. அவரால் அவிழ்க்க முடியாதே. அவர் எட்டு மாதமாக எங்கே இருக்கிறார் என்று அங்கே உட்கார்ந்துதான் அவளுக்குத் தெரிந்தது. வெகுநேரம் அழுதாள்.

மறுநாள் ஆசாரியிடம், “சாய்மானத்தக் கழட்டி எதிர்ப் பக்கம் வைங்க. கதவப் பாத்து உக்காரணும். அப்பத்தான் நல்ல கை தொட்டிப் பக்கம் வரும்” என்றாள்.

“அட, ஆமாங்கம்மா!” என்று ஆசாரி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை தொட்டியில் வெந்நீர் விளாவி வைத்துவிட்டு, நீலமேகத்தைத் தோளில் தாங்கிப் பெஞ்சின் வெளி முனையில் உட்கார்த்தினாள். அவர் பெஞ்சைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். இடது கையால் தொலை முனையை எட்டிப் பிடித்து ஒரு சாண் நகர்ந்தார். பிறகு இன்னொரு சாண். இடது காலை உள்ளே வைத்தார். வலது காலை முழங்காலுக்கு அடியில் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டார். தண்ணீர் தளும்பியது.

செம்பை நீட்டியபடி அவள் தொட்டியருகே நின்றாள். அதை வாங்கிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். வாய் கோணி, உதடு நடுங்கியது.

“போ” என்றார்.

எட்டு மாதத்தில் வந்த முதல் வார்த்தை. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சந்தோஷம்தான், ஆனாலும் வேறொரு வார்த்தையாக இருந்திருக்கலாம் என்று இருந்தது.

அதன்பின் மூன்று வருஷம் அவர் இருந்தார். தினமும் தானே குளித்தார். உள்ளே போக முடிந்தவர், சுவரை இடது கையால் தள்ளி வெளி முனைக்கும் வந்துவிடுவார். “தண்ணி”, “சோறு” என்று இன்னும் சில வார்த்தைகள் திரும்பின. அவள் பெயர் திரும்பவில்லை. அந்த அரை மணி நேரம் அவளுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. கிணற்றடியில் நின்றபடி, கதவுக்கு அப்பால் செம்பு தண்ணீரை மொள்ளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.